முந்நூறு பேரைக் காணவில்லை

அன்பு மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வழியில்லை. நீ நலமாக இருப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. சனிக்கிழமை மாப்பிள்ளைச் சப்பாத்து காலைக் கடிக்கக்கூடாது, போட்டு நடந்து பழகு என்று அம்மா சொன்னதற்காக, என் தலைக்கு மேலே உன் அறையில் ஒரு மணித்தியாலமாக அங்குமிங்கும் நடந்துகொண்டிருக்கிறாய். படியேறி வந்து பேசினால் முடிகிற விஷயத்துக்கு இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். இன்று பூசை முடிந்து வந்ததிலிருந்து இரண்டு முறை படியேறினேன். முதல் முறை, "என்னப்பா?" என்றாய். "ஒண்டுமில்லை, அயன்பொக்ஸ் எங்கை?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டாம் முறை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். இனி இந்த வாயை நம்பிப் பயனில்லை என்றுதான் பேனையை எடுத்திருக்கிறேன்.

எங்கள் கோயில் பங்கின் தமிழ் மாத இதழில் வேதாகமப் பக்கம் எழுதுகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். நீ அதில் ஒரு வரிகூட வாசித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த மாதம் வீட்டுக்கு வீடு குடிசன மதிப்பீட்டுப் படிவம் வந்திருப்பதால், "மாஸ்டர், வேதாகமத்தில ஆக்களை எண்ணின கதையளைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்று பங்குச் சுவாமி கேட்டார். நான் லேவி கோத்திரத்தை எடுத்துக்கொண்டேன். அரைப் பக்கம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒவ்வொரு வரியிலும் நீ வந்து குந்திக்கொண்டாய். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுதத் தொடங்கினேன். நீ சம்மதித்தால் இதையே சுவாமியிடம் கொடுத்துவிடுவேன். மாதாமாதம் ஊருக்குப் புத்தி சொல்லுகிறவன் ஒரு மாதம் தன் பிழையைச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. சம்மதமில்லையென்றால் கிழித்துவிடு. ஆனால் வாசித்துவிட்டுக் கிழி.

உன்னைத் தவிர இதை வாசிக்கக்கூடிய மற்றவர்களுக்காக முதலில் லேவியைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த சனத்தை மோசே சீனாய் வனாந்தரத்தில் வைத்து எண்ணினார். இருபது வயதும் அதற்கு மேலும் ஆன, சண்டைக்குப் போகக்கூடிய ஆண்களின் கணக்கு அது. கோத்திரம் கோத்திரமாக எண்ணும்போது லேவி கோத்திரத்தை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம் என்று கடவுள் சொல்லிவிட்டார். அவர்களுக்குப் போர் இல்லை. கடவுளின் கூடாரத்தைக் கழற்றுவதும் சுமப்பதும் திரும்ப நாட்டுவதும் அதைச் சுற்றிக் காவல் இருப்பதும்தான் அவர்களுடைய வேலை. பிறகு அவர்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. அதில் இருபது வயது என்ற பேச்சே இல்லை. பிறந்து ஒரு மாதமான ஆண் குழந்தையிலிருந்து எண்ணினார்கள். மற்றக் கோத்திரத்துப் பிள்ளை ஏட்டில் ஏறுவதற்கு இருபது வருடம் காத்திருக்க, லேவியின் பிள்ளை பால் குடித்துக்கொண்டே ஏறிவிட்டது.

இந்தக் கணக்கை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு அப்போது பத்து வயது. ஊரில், ஊர்காவற்துறை வீட்டில், பாடசாலை விடுமுறையில், உனக்குக் கூட்டல் பழக்க என்னிடம் புதுக் கணக்கு ஒன்றும் மிச்சமில்லை. வேதாகமத்தை எடுத்து எண்ணாகமத்தைத் திறந்து வைத்தேன். கணித வாத்தியின் மகனாகப் பிறந்த பாவத்துக்கு நீ அதையும் கூட்டினாய். லேவியின் மூன்று புதல்வர்களின் வழியில் வந்தவர்கள்: கெர்சோன் வழியில் ஏழாயிரத்து ஐந்நூறு, கோகாத் வழியில் எண்ணாயிரத்து அறுநூறு, மெராரி வழியில் ஆறாயிரத்து இருநூறு. மொத்தம் இருபத்திரண்டாயிரம் என்று கீழே எழுதியிருக்கிறது. நீ சிலேற்றுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அப்பா, முந்நூறு பேரைக் காணேல்லை" என்றாய். நானும் கூட்டினேன். மூன்று முறை கூட்டினேன். இருபத்திரண்டாயிரத்து முந்நூறுதான் வந்தது. "வேதத்தில பிழை பிடிக்கிற அளவுக்கு வந்திட்டியோ?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். உன் கணக்குச் சரி, மகனே. அந்தக் குட்டை இன்று முறைப்படி வாபஸ் வாங்குகிறேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உனக்குப் பதினாறு வயதான வருடம், வீட்டுக்கு வீடு இருக்கிற ஆட்களின் பெயரையும் வயதையும் எழுதித் தரவேண்டும் என்று ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையாருக்கு மேலிடத்துக் கட்டளை வந்தது. எங்கள் தெருவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி அவர் என்னிடம் வந்தார். என் கையெழுத்து வடிவு என்பது ஊரறிந்த விஷயம், எனக்கு அதில் பெருமையும் இருந்தது. பத்தொன்பது வீட்டுக்கும் எழுதினேன். யார் யாருக்கு என்ன வயது என்று என்னைக் கேட்டால் போதும், எல்லாரும் என்னிடம் படித்த பிள்ளைகள்தானே. கடைசியாக எங்கள் வீடு. என்னை எழுதினேன், அம்மாவை எழுதினேன், உன் தங்கச்சியை எழுதினேன். உன் பெயருக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுதாமலே கொடுத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்துச் சீருடைக்காரர்கள் வந்து அந்தப் பட்டியலைக் கையில் வைத்துப் பெயர் வாசித்தார்கள். உன் வயதுப் பெடியன்களை வரிசையில் நிறுத்திக் கொண்டுபோனார்கள். நீ அந்த நேரம் கோயில் அறைவீட்டில் சுவாமியாரின் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். உன்னை யாரும் தேடவில்லை. ஏனென்றால் ஏட்டின்படி நீ பிறக்கவே இல்லை.

கடவுள் புண்ணியத்தில் பதினோராம் நாள் எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பினார்கள். ஆனால் அந்தப் பதினொரு நாளும் நான் தெருவில் இறங்கவில்லை. திரும்பி வந்த ஒருவனின் தாய் என்னைச் சந்தையில் கண்டு, "மாஸ்டர், உங்கட எழுத்து நல்ல வடிவான எழுத்து எண்டு அவங்கள் சொன்னவங்களாம்" என்றாள். அவள் கோபமாகச் சொன்னாளா, வெறுமனே சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. மற்றவர்களின் பிள்ளைகளை எழுதிவிட்டு என் பிள்ளையை மறைத்தவன் நான். அதை நினைக்க வெட்கமாக இருக்கும். நீ முற்றத்தில் நிற்பதைக் காண வெட்கம் போய்ச் சந்தோஷம் வந்துவிடும். அந்த நாட்களில்தான் உன்னை லேவி என்று கூப்பிடத் தொடங்கினேன். போர்க் கணக்கில் சேராத பிள்ளை என்று அர்த்தம். காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. வேதாகமப் பைத்தியம் முற்றிவிட்டது என்று அம்மா நினைத்தாள். ரொறன்ரோ வந்த பிறகு நீ, "அது ஜீன்ஸ் காற்சட்டைப் பேர் அப்பா, சிநேகிதப் பெடியளுக்கு முன்னால கூப்பிடாதேங்கோ" என்று கெஞ்சினாய். ஆனாலும் வீட்டுக்குள் கூப்பிட்டால் "ஓம்" என்று திரும்புவாய்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஏழாம் மாடியில் இருந்தோம். நான் பொருட்கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆயிரம் பெட்டியில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள் என்று சூப்பவைசர் மெச்சுவார். அந்த வருடம் இந்த நாட்டின் குடிசன மதிப்பீட்டுப் படிவம் தபாலில் வந்தது. இதில் எழுதுவதை வேறு ஒருவருக்கும் காட்டமாட்டோம் என்று அதிலேயே போட்டிருந்தது. நான் அதை ஆறுதலாக வாசித்தேன், மூளை நம்பியது. உனக்கு இருபது வயதாக மூன்று மாதம் இருந்தது. முதலாம் ஆள் நான், இரண்டாம் ஆள் அம்மா, மூன்றாம் ஆள் தங்கச்சி. நாலாவது வரிக்கு வந்தேன், கை மறுபடியும் நின்றுவிட்டது. ஆயிரம் பெட்டியைப் பிழையில்லாமல் எண்ணுகிறவன் சொந்த வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டு உறையை ஒட்டித் தபாலில் போட்டான். அதோடு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில கிழமை கழித்து நீ சாப்பாட்டு மேசையில் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, நான் இந்த வீட்டு ஆள் இல்லையோ? நீங்கள் என்னை எழுதேல்லையாம்" என்று கேட்டாய். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பழைய பட்டியலை, அந்தத் தாயின் சொல்லை, எல்லாவற்றையும் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "எனக்குத் தெரியும் என்ன எழுதிறது எண்டு. நீ உன்ர வேலையைப் பார்." நீ உன் வேலையைப் பார்த்தாய். படித்தாய், வேலை எடுத்தாய், வீட்டுச் செலவில் பாதியைத் தூக்கிக்கொண்டாய், என்னை அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டில் குடியேற்றினாய். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் லேவி என்று கூப்பிட்டால் நீ திரும்பவில்லை. இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஞானஸ்நானப் பெயரிலேயே கூப்பிடத் தொடங்கினேன். ஐந்து வருடமாகிறது. சனிக்கிழமை நீ இந்த வீட்டை விட்டுப் போகிறாய். தகப்பன் உன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை என்ற நினைப்போடு நீ படியிறங்கினால் எனக்கு அதைவிடத் தோல்வி இல்லை.

இந்த நிலையில்தான் நேற்றுப் பின்னேரம் நீ கலியாணம் கட்டப்போகிற ஷாமினி சட்டை அளவு பார்க்க அம்மாவிடம் வந்தாள். நீ கடைக்குப் போயிருந்தாய். நான் இதே மேசையில் இந்த வருடத்துப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் எழுதாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அங்கிள், இந்த முறை எல்லாரையும் எழுதுவீங்களோ?" என்று கேட்டாள். என் கையிலிருந்த கண்ணாடி படிவத்தின் மேல் விழுந்தது.

"உமக்கு ஆர் பிள்ளை சொன்னது?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அங்கிள். நான்தான் வந்தனான்."

"எங்கை வந்தனீர்?"

"உங்கட பார்க்டேல் வீட்டுக்கு. தொண்ணூற்றொண்டில எனக்கு வீடு வீடாப் போய் இந்தப் படிவம் சரிபார்க்கிற வேலை. உங்கட படிவத்தில ஒரு கேள்விக்குப் பதில் இல்லை, அதைக் கேட்டு எழுத வந்தனான். சத்தியம் பண்ணிச் செய்யிற வேலை, வெளியில கதைக்கக்கூடாது. படிவம் நிரப்பின ஆளிட்டக் கேக்கலாம்தானே, அதுதான் உங்களிட்டக் கேக்கிறன்."

பிறகு அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து முழுக் கதையையும் சொன்னாள். நீ இடுப்பில் சாரத்தோடு, வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தாயாம். இந்த வீட்டில் மூன்று பேரா என்று அவள் கேட்க, நீ விரலை மடக்கி எண்ணிப் பார்த்து நாலு என்றாயாம். நாலாவது ஆள் யார் என்று கேட்க, நான்தான் என்றாயாம். அவள் படிவத்தைப் பார்த்து, "உங்களைக் காணேல்லையே" என்றிருக்கிறாள். "நானும் என்னைத்தான் தேடிக்கொண்டு திரியிறன். கண்டால் சொல்லுங்கோ" என்றாயாம் நீ. பத்து வயதில் முந்நூறு பேரைக் காணவில்லை என்று சொன்ன அதே வாய்! அவள் அங்கேயே நின்று உன் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் கேட்டு நாலாவது வரியில் எழுதிக்கொண்டு போனாளாம். நூலகத்தில் சந்தித்தோம் என்று எங்களுக்கு ஒரு கதை விட்டீர்களே, நூலகம் என்று நானும் பெருமையாகப் பத்து வீட்டில் சொல்லிவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் புரையேறிவிட்டது. சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து வந்தாள். நான் மூச்சு வாங்கி வாங்கி விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கே இந்தப் பாடு? எனக்கு உது நாலு வருசமாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

ஆக, நான் விட்ட பிழையைத் திருத்த அரசாங்கம் ஆள் அனுப்பியது, வந்த ஆள் எனக்கு மருமகளாகவும் வரப்போகிறாள். என் பிழைக்கு இப்படியொரு பரிசு கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் தங்கச்சியையும் எழுதாமல் விட்டிருப்பேன் என்று ஷாமினியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார். நல்ல பிள்ளை. உன்னை முதன்முதலில் கண்ட அன்றே, நீ இருக்கிறாய் என்று எழுத்தில் போட்டவள். அவளோடு எப்போதாவது சண்டை வந்தால் இதை நினைத்துக்கொள். கோபத்தில் பேசாமல் இருந்துவிடாதே. அந்த வித்தையில் உன் தகப்பன் பெரிய விற்பன்னன், அதனால் எனக்குக் கிடைத்த இலாபம் ஒன்றுமில்லை. உன்னிடம் ஒருவர் "ஏன்?" என்று கேட்டால், பாதிப் பதிலாவது அன்றைக்கே சொல்லிவிடு.

அந்த முந்நூறு பேருக்கும் வருகிறேன். அவர்கள் எப்படிக் குறைந்தார்கள் என்பதற்குப் படித்தவர்கள் பல காரணம் சொல்கிறார்கள். பிரதி எடுத்தவரின் கைப்பிழை என்கிறார்கள் சிலர். மற்றக் கோத்திரத்துத் தலைச்சன்களுக்கு ஈடாகத்தான் லேவியரை எண்ணினார்கள், அந்த முந்நூறு பேரும் தாங்களே தலைச்சன் பிள்ளைகள், ஆகவே சேர்க்கவில்லை என்கிறார்கள் வேறு சிலர். தாவீது ராசா பிற்காலத்தில் சனத்தை எண்ணச் சொன்னபோது, தளபதி யோவாபு அந்தக் கட்டளை பிடிக்காமல் லேவியரை எண்ணாமலே விட்டான் என்றும் வேதாகமத்தில் இருக்கிறது. எனக்கு இன்று தோன்றுவது இதுதான்: அந்த முந்நூறு பேருக்கும் முந்நூறு தகப்பன்மார் இருந்திருப்பார்கள். எகிப்தில் ஆண் குழந்தைகளைத் தேடிக் கொன்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆண் பிள்ளை எத்தனை என்று கேட்டுக்கொண்டு ஒருவர் கூடார வாசலில் வந்து நின்றதும், ஆசீர்வாதத்துக்குத்தான் கேட்கிறார் என்று தெரியாமல், தொட்டிலைத் துணியால் மூடிவிட்டு "இஞ்சை ஒருத்தரும் இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். இது எந்த வியாக்கியானப் புத்தகத்திலும் இல்லை. சுவாமி வெட்டினாலும் வெட்டுவார். ஆனால் அந்த முந்நூறு பேரில் ஒருவன் நான். உன்னை நான் எழுதாமல் விட்டது நீ கணக்கில்லாத பிள்ளை என்பதால் இல்லை, மகனே. என் கணக்கு முழுவதும் நீயாக இருந்ததால்.

படிவத்தை இப்போது நிரப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை யார் யார் இந்த வீட்டில் இருக்கிறார்களோ அவர்களை எழுத வேண்டும். கலியாணம் சனிக்கிழமை, ஆகவே நாலு நாள் வித்தியாசத்தில் நீ இன்னும் என் வீட்டு ஆள்தான். முதலாம் ஆள் என்ற இடத்தில் இந்த முறை அம்மாவை எழுதினேன். "போன முறை நீங்கள் முதலாம் ஆளாயிருந்து செய்த வேலை போதும்" என்று அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீயும் உன் வீட்டில் அப்படியே எழுது, வீடு நன்றாக நடக்கும். இரண்டாம் ஆள் நான். மூன்றாம் ஆள் நீ. உன் முழுப் பெயரையும், பத்தொன்பது வீட்டுப் பெடியன்களையும் எழுதிய அதே வடிவான எழுத்தில், கை நிற்காமல் எழுதினேன். முதலாம் ஆளுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது, மகன் என்று போட்டேன். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதிவிட்டேன், பெட்டிக்கு வெளியே போய்விட்டது, பரவாயில்லை. நாலாம் ஆள் தங்கச்சி. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் எண்ணிப் பார்த்தேன். நாலு பேர், சரியாக இருக்கிறது.

இன்னும் ஐந்து வருடத்தில் உங்கள் இருவரின் வீட்டுக் கதவுக்கும் ஒரு படிவம் வரும். அப்போது ஒரு மாதப் பிள்ளை ஒன்று வீட்டில் கிடந்தால், பெரிய ஆட்களுக்குத்தானே இது என்று விட்டுவிடாதே. முதல் வேலையாக அதன் பெயரை எழுது. நம் கோத்திரத்தில் ஒரு மாதத்திலேயே எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தக் கடிதத்தை உன் அறைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு இறங்கிவிடப் போகிறேன். படிவத்தின் உறையை இன்னும் ஒட்டவில்லை. நீ இதை வாசித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நேரத்துக்குப் படியின் அடியில் நின்று, ஐந்து வருடமாகக் கூப்பிடாத பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுவேன். புதுச் சப்பாத்தோடேயே இறங்கி வா. மூன்றாவது வரியில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, உறையை நீயே ஒட்டு.

அயன்பொக்ஸ் கேட்க மாட்டேன், லேவி.

இப்படிக்கு,
இரண்டாம் ஆள்,
அப்பா